ஆளில்லாத ஊருக்கும் உரியவர்கள் உண்டு

அப்பா அந்த மரத்தூணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போகும் கோபுரங்களைக் கண்ணாலேயே எண்ணினார். “மேல கம்பிவடம் ஓடும்மா. கல்லு ரொம்புன பக்கெட்டு இறங்குற கனத்துல காலி பக்கெட்டு தானா மேல ஏறிடும். இதுக்கு இன்ஜினே வேணாம்” என்றார். நான் புத்தகத்தில் படித்து வைத்துக்கொண்டு அவருக்குச் சொல்லக் காத்திருந்த செய்தி அது. அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

நாங்கள் நின்றிருந்தது கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில், கீன் வொண்டர் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் அடிவாரத்தில். 1903இன் இறுதியில் ஜாக் கீன் என்ற அயர்லாந்துக்காரர் இந்த மலையில் தங்கம் கண்டார். மேலே வெட்டிய கல்லைக் கீழே ஆலைக்கு இறக்க, ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குக் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் அதன் கோபுரங்கள் நிற்கின்றன. பாதுகாப்புக் கருதி 2008இல் மூடிய இந்த இடத்தை, ஆபத்தான குழிகளை அடைத்து, சாய்ந்த மரங்களுக்கு முட்டுக் கொடுத்து, 2017 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். அப்பாவை நான் அழைத்துப்போனது அடுத்து வந்த பிப்ரவரியில்.

அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போன தாத்தாவும் அதே சுரங்கத்தில்தான் இறங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் என் வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு 76 வயது. நூறு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நிலத்துக்கடியில் சுவாசித்த கல்தூசி நெஞ்சை விட்டுப் போகவில்லை. தார்ச்சாலையிலிருந்து பிரியும் ஐந்து கிலோமீட்டர் மண்பாதையில் எங்கள் ஜீப் போயிருக்காவிட்டால் அவர் அந்தத் தூணைத் தொட்டிருக்கவே முடியாது.

திரும்பும் வழியில், இப்படிப்பட்ட இடங்களை இந்த ஊரில் ‘கோஸ்ட் டவுன்’ என்பார்கள் என்று சொன்னேன். அர்த்தம் கேட்டார். பேய் ஊர் என்றேன். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. “பேயா? ஆளு வேலை செஞ்ச எடம்மா அது. அப்படிச் சொல்லாத” என்றார். அவர் இப்போது இல்லை. அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் புழங்குவதில்லை. நான் சொல்ல வந்ததும் அவர் சொன்னதுதான்: ஆள் போய்விட்ட ஊர், யாருக்கும் சொந்தமில்லாத ஊர் ஆகிவிடாது. அங்கே போகலாம், வண்டியிலேயே போகலாம். ஆனால் உழைத்தவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறோம் என்ற நினைப்போடு போக வேண்டும்.

மண்பாதை கொண்டுசேர்க்கும் இடங்கள்

பதினைந்து ஆண்டுகளாக, குளிர்காலம் வந்தால் இந்தப் பாலைவனத்தின் மண்பாதைகளில் வண்டி ஓட்டுகிறேன். பெரும்பாலும் என் கணவரும் மகளும் உடன் வருவார்கள். இந்தப் பாதைகள் சுற்றுலாவுக்கென்று பிறந்தவை அல்ல. கோவேறு கழுதைகளும் கல் சுமந்த வண்டிகளும் போட்ட தடங்கள் இவை. தங்கமோ வெள்ளியோ ஈயமோ உப்போ, ஏதோ ஒன்று எங்கே கிடைத்ததோ அங்கே பாதை போனது. அது தீர்ந்த இடத்தில் பாதையும் முடிந்தது. அதனால் பாதையின் கடைசியில் அநேகமாக ஓர் ஊர் இருக்கும். அல்லது ஊர் இருந்த இடம் இருக்கும்.

டைட்டஸ் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் ஒருவழிப் பாதையில் லெட்ஃபீல்ட் என்று ஓர் ஊர். ஈயம் குவிந்து கிடக்கிறது என்று பங்குச்சந்தையில் ஆசை காட்டி 1926இல் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். ஆகஸ்டில் தபால் நிலையம் திறந்தது, அடுத்த ஜனவரியில் மூடிவிட்டது. அந்த ஆறு மாத ஊரின் தகரக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. பங்கு விற்றவர் பெயர் சி. சி. ஜூலியன் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மலைப்பாதையைக் கடப்பாரையால் வெட்டியவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டியை முதல் கியரில் இறக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவுதான் வரும்.

பானமின்ட் மலையில் பீட் அகரபெரி என்பவரின் முகாம் இருக்கிறது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட பாஸ்க் நாட்டிலிருந்து வந்தவர். 1905இல் அங்கே தங்கம் கண்டு, 1945இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டு அந்த ஒரே மலையைக் குடைந்துகொண்டிருந்தார். மலை முனையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். வருகிறவர்களும் அதைப் பார்க்கட்டும் என்று அங்கே போக ஒரு பாதையைத் தன் கையாலேயே வெட்டினார். இன்றும் அந்தப் பாதையில் வண்டி போகிறது. அவருடைய பெயரையே அந்த முனைக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் உழைப்பாளியின் பெயர் வரைபடத்தில் ஏறிய அந்த இடத்தில் நின்றபோது என் மனம் நிறைந்தது.

கட்டடம் நிற்கிறது, கூடாரம் நிற்பதில்லை

நெவாடா எல்லைக்குள் இருக்கிறது ரையோலைட். 1904 ஆகஸ்டில் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் பக்கத்து மலையில் தங்கம் கண்டார்கள். மூன்றே ஆண்டுகளில் அங்கே ரயில் வந்தது, மின்சாரம் வந்தது, மூன்று மாடி வங்கிக் கட்டடம் எழுந்தது. மரம் கிடைக்காத ஊரில் டாம் கெல்லி என்பவர் பல்லாயிரம் காலி பாட்டில்களைச் சேற்றில் பதித்து ஒரு வீடே கட்டினார். 1906இல் சான்பிரான்சிஸ்கோ பூகம்பம், 1907இல் நாடெங்கும் பணமுடை. முதலீடு வறண்டது, கல்லிலும் எதிர்பார்த்த அளவுக்குத் தங்கம் இல்லை. 1911இல் பெரிய சுரங்கம் மூடியது. 1916இல் மின்சாரத்தை நிறுத்தினார்கள். 1920 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 14 பேர்.

இன்று ரையோலைட் என்றால் எல்லோரும் காட்டும் படம் அந்த வங்கியின் எலும்புக்கூடு. அது அழகானதுதான், மாலை வெயிலில் நானும் படம் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரின் சுரங்கத் தொழிலாளிகள் வங்கியில் வசிக்கவில்லை. கித்தான் கூடாரத்திலும் பலகைக் குடிசையிலும் இருந்தார்கள். கான்கிரீட் நின்றுவிட்டது; கித்தான் காற்றோடு போய்விட்டது. வரலாறு என்று நம் கண்ணுக்குத் தெரிவது வசதியுள்ளவர்கள் கட்டிய பகுதி மட்டுமே. சாலையோரம் வண்டியை நிறுத்தி, கட்டடங்களை விட்டு விலகி, சரிவில் சமன்செய்த சின்னச் சின்னத் தரைத்துண்டுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். கல் அடுக்கி மண்ணை நிறுத்திய ஒரு முழ உயரச் சுவர், பக்கத்தில் அடுப்புக் கரி, துருப்பிடித்த டப்பாக்கள். அதுதான் வீடு.

டெத் வேலியின் அடிவயிற்றில், ஹார்மனி என்ற இடத்தில் வெண்காரம் எடுத்தார்கள். 1883இலிருந்து 1888வரை ஐந்தே ஆண்டுகள். பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய பெரிய வண்டிகளில் அந்த வெண்காரம் 265 கிலோமீட்டர் பயணப்பட்டு, பத்து நாளில் மொஹாவே ரயில் நிலையத்தை அடையும். அந்த ‘இருபது கழுதை வண்டி’ பிறகு சோப்புத்தூள் பெட்டியில் படமாகி, வானொலியில் பேசப்பட்டு, தொலைக்காட்சியில் ஓடி, அமெரிக்கா முழுவதற்கும் தெரிந்துபோனது. ஆலை முதலாளி வில்லியம் கோல்மன் பெயரும் தெரியும். உப்புத்தரையில் குனிந்து வெண்காரத்தைச் சுரண்டிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளிகள். அவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லக் கேட்டதில்லை. கோடையில் ஆலையை நிறுத்திவிடுவார்கள். காரணம், அந்த வெயிலில் வெண்காரம் படிகமாக உறையாது என்பது. அதே பள்ளத்தாக்கில்தான் 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது; உலகில் அளந்த வெப்பங்களிலேயே உச்சம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சுரங்கக்காரர்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே டிம்பிஷா ஷொஷோனி மக்கள் வாழ்கிறார்கள். 1933இல் பள்ளத்தாக்கைத் தேசியச் சின்னமாக அறிவித்தபோது அவர்களைக் கேட்கவில்லை. 1983இல்தான் அரசு அவர்களை ஒரு பழங்குடியாக அங்கீகரித்தது. 2000இல் ஒரு சட்டம் அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஃபர்னஸ் கிரீக் அருகே அவர்கள் கிராமம் இருக்கிறது. ‘ஆளில்லாப் பாலைவனம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துபோகும் நிலம், அவர்களுக்குத் தாய்மண்.

எடுக்கக் கூடாத கண்ணாடி

ஸ்கிடூ என்று ஓர் இடம். 1906இல் தோன்றி 1917இல் முடிந்த ஊர். கல் இடிக்கும் ஆலை மட்டும் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. எழுநூறு பேர் வாழ்ந்த தெருக்களில் இன்று புதர்தான். அங்கே என் மகள் ஒரு கண்ணாடித் துண்டைக் கண்டெடுத்தாள். ஊதா நிறம், வெயிலில் நாவல்பழம் போல மின்னியது. முதல் உலகப்போருக்கு முன் கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்ப்பார்கள். அப்படிச் செய்த வெள்ளைக் கண்ணாடி பல ஆண்டு வெயில் குடித்தால் ஊதாவாக மாறும். “நூறு வருஷ வெயில் இதுக்குள்ள இருக்கு” என்று சொன்னேன். அவளுக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. “ஒரே ஒரு துண்டும்மா. யாருக்குத் தெரியப் போகுது?”

அவளுக்கு அப்போது பதினோரு வயது. வீட்டில் கண்ணாடி அலமாரியில் தாத்தாவின் தூக்குச்சட்டி இருக்கிறதே, அதைப் பார்க்க வந்த யாராவது அழகாக இருக்கிறது என்று எடுத்துப் போனால் சும்மா இருப்பாயா என்று கேட்டேன். அந்தத் தூக்கில்தான் என் அம்மா அப்பாவுக்கு முப்பத்தொரு ஆண்டு களியும் குழம்பும் கட்டிக் கொடுத்தார். அது எங்கள் வீட்டில் இருந்தால் அப்பா. பழைய இரும்புக் கடைக்குப் போனால் வெறும் அலுமினியம். ஊதாத் துண்டும் அப்படியே. ஸ்கிடூவின் மண்ணில் கிடந்தால் ஒருவர் மருந்து குடித்த பாட்டில், எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்தால் ஒரு பொம்மை. அவள் எடுத்த இடத்திலேயே, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு வந்தாள்.

டப்பாக்களுக்கும் இதுதான் கணக்கு. மூடியின் நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதை ஈயத்தால் அடைத்த டப்பா என்றால் பழையது. ஓரத்தை மடித்து மூடியது பிற்காலத்தது. இதை வைத்தே ஒரு முகாம் எந்தக் காலத்தில் இருந்தது, என்ன சாப்பிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். இடம் மாறினால் அந்தச் செய்தி போய்விடும். தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. மற்ற அரசு நிலங்களிலும் நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருள்களை 1979ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் போடி என்ற தங்க ஊரை மாநில அரசு 1962இல் பூங்காவாக்கியது. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வார்கள், சுவர் விழாமல் முட்டுக் கொடுப்பார்கள். அதற்கு மேல் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. மேசையில் தட்டும் கடையில் சரக்கும் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து ஆணியோ கல்லோ எடுத்துப்போனவர்கள், அதன்பிறகு வீட்டில் கெட்டதாக நடக்கிறது என்று மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்தவருக்கு உள்ளூர உறுத்துகிறது. அந்த உறுத்தலில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

ஆனால் 2024 ஏப்ரலில் நடந்ததைத் தபாலில் திருப்பி அனுப்ப முடியாது. சலைன் பள்ளத்தாக்கிலிருந்து உப்பை இன்யோ மலையின் மேல் ஏற்றி மறுபக்கம் இறக்க, 1911இல் 21 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடப் பாதை கட்டத் தொடங்கினார்கள். ஏற்றம் மட்டும் 7,000 அடிக்கு மேல். அதன் கோபுரங்களில் ஒன்று நூற்றுப் பதின்மூன்று ஆண்டு வெயிலுக்கும் காற்றுக்கும் நின்றது. சேற்றில் சிக்கிய ஒரு வண்டியை வெளியே இழுக்க, யாரோ அந்தக் கோபுரத்தில் கம்பியை மாட்டினார்கள். வண்டி முக்கி இழுத்த இழுப்பில் கோபுரம் அடியோடு சாய்ந்தது. டெத் வேலி பூங்கா நிர்வாகம் செய்தி வெளியிட்டதும், நான்தான் செய்தேன் என்று ஒருவர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். சேற்றில் மாட்டியவரின் பதற்றமும் எனக்குப் புரியும், நானும் மாட்டியிருக்கிறேன். என்றாலும் அது ஒரு கம்பமாக மட்டும் அவர் கண்ணில் பட்டதே, அங்கேதான் பிழை தொடங்கியது.

தரையும் இப்படித்தான் காயப்படும். ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் 2016இல் ஒருவர் வண்டியை ஓட்டி, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சக்கரத் தடம் பதித்துவிட்டுப் போனார். 1942இலிருந்து 1944வரை ஜெனரல் பேட்டனின் பயிற்சி முகாமில் ஓடிய டாங்கிகளின் தடம் மொஹாவே பாலைவனத்தில் இன்னும் தெரிகிறது. பாலைமண்ணின் மேல்தோல் உயிருள்ளது. நுண்ணுயிர்கள் மண்ணைப் பிணைத்து உருவாக்கிய மெல்லிய ஓடு அது. சக்கரம் ஒருமுறை அதை உடைத்தால் ஆற ஒரு தலைமுறை போதாது.

பாதையை மூடலாமா?

இதையெல்லாம் பார்த்து, வண்டியே விடக் கூடாது, எல்லாப் பாதையையும் மூடிவிடுங்கள் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. 1994இல் டெத் வேலி தேசியப் பூங்காவானபோது பெரும்பகுதி நிலத்தை வண்டி புகாத காடாக அறிவித்தார்கள். அது சரியான முடிவு என்பது என் எண்ணம். ஆனால் மீதமிருக்கும் பழைய பாதைகள் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் இளைஞர்களும் உடல் வலுவுள்ளவர்களும் மட்டும் நடந்து போய்ப் பார்ப்பார்கள். சுரங்கத்தில் நெஞ்சைத் தொலைத்த என் அப்பாவைப் போன்றவர்களுக்கு அது என்றென்றைக்கும் மூடிய கதவு. அந்த இடத்தைக் கண்டதும் படிக்கத் தெரிந்தவரே அவர்தான். பார்க்க ஆள் வராத இடத்தைக் காக்கச் சொல்லிக் கேட்கவும் ஆள் வராது. ஆகவே பாதை திறந்திருக்கட்டும். சக்கரம் பாதையை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் இருக்கட்டும்.

போகிறவர்கள் தங்கள் உயிரையும் மதித்துப் போக வேண்டும். ரேஸ்டிராக் போகும் 43 கிலோமீட்டர் முழுவதும் பாதை வரப்பு வரப்பாக இருக்கும். நடுவே கத்திமுனைக் கற்கள். முதல் தடவை போனபோது பக்கவாட்டில் டயர் கிழிந்தது. ஸ்டெப்னி மாட்டி ஒரு மணி நேரத்தில் அடுத்ததும் பஞ்சர். இரண்டு மணி நேரம் ஒரு வண்டி வரவில்லை. பிறகு வந்த ஒரு வயதான தம்பதி எங்களோடு மண்ணில் உட்கார்ந்து, டயரை அடைத்து, காற்றடித்து, நாங்கள் தார்ச்சாலை ஏறும்வரை பின்னாலேயே வந்தார்கள். அதன்பிறகு இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அதற்கு மேலும் ஒரு கேன், காகித வரைபடம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி, எந்த வழியில் போய் எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி வைத்த சீட்டு. மண்பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றைக் குறைப்பேன். பெட்ரோல் பாதிக்கு இறங்கும்முன் திரும்பிவிடுவேன். கோடையில் போகவே மாட்டேன்.

1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், வாடகை வேனில் இந்தப் பள்ளத்தாக்கின் தெற்கு மூலைக்குப் போனார்கள். அக்டோபரில் டயர்கள் காற்றிழந்த வேன் மட்டும் கிடைத்தது. பெரியவர்களின் எலும்புகள் 2009இல்தான் கிடைத்தன. வரைபடத்தில் கோடாகத் தெரிவதெல்லாம் அந்த வண்டிக்கு ஏற்ற பாதை ஆகாது. மழையும் பாதைகளை அழிக்கும். 2022 ஆகஸ்டில் ஓர் ஆண்டு மழையில் முக்கால் பங்கு ஒரே காலையில் கொட்டி, சாலைகளை அடித்துக்கொண்டு போனது. கிளம்பும் அன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சுரங்க வாயைப் பார்த்தால் வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள். கலிபோர்னியாவில் மட்டும் கைவிட்ட சுரங்கங்கள் ஏறத்தாழ 47,000 என்கிறது மாநில அரசின் மதிப்பீடு. “பழைய ஷாஃப்ட்டுல முட்டு மரம் உளுத்திருக்கும், காத்து செத்திருக்கும். உள்ள போனவன் ரெண்டாவது மூச்சு வாங்க மாட்டான்” என்று அப்பா சொல்வார். முப்பத்தொரு ஆண்டு இறங்கியவர், கீன் வொண்டரில் ஒரு குகை வாயைப் பார்த்ததும் என் மகளின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். பல சுரங்க வாய்களில் இரும்புக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். வெளவால் போய்வர இடைவெளி விட்டு, மனிதர் போக முடியாதபடி. அந்தக் கதவு வெளவாலின் வீட்டையும் நம் பிள்ளைகளின் உயிரையும் ஒன்றாகக் காக்கிறது.

எங்கள் லைன்

இந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது நான் பிறந்த லைன் வீடு, சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று, கண்முன் வரும். கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வேலை தொடங்கியது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்தச் சுரங்கத்துக்குள் 1965இல் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தை அறிவியலாளர்கள் பதிவு செய்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்தக் குழியில் இறங்கினார்கள். பாறை வெடித்து எத்தனையோ பேர் மேலே வரவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்ட்டுக்கு ஊதும் சங்கு நின்ற நாளில் அப்பா வாசலில் உட்கார்ந்தபடி மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தங்கவயலில் ஊர் இன்னும் இருக்கிறது. லைன்களில் மக்கள் வாழ்கிறார்கள். விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சயனைடு மண்மேட்டின் தூசி காற்றடிக்கும்போது அவர்கள் வீட்டுக்குள் வருகிறது. 2018இல் எங்கள் ஊரை வைத்து ஒரு சினிமா வந்த பிறகு, அந்த மேட்டில் வண்டியை ஏற்றிப் படமெடுக்க வருகிறவர்களை நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பக்கத்து லைனில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மேட்டின் மேல் வண்டி ஏற்றாதீர்கள், கீழே இறங்கி வந்து ஒரு வாசலில் உட்காருங்கள், ஒரு பெரியவரிடம் பேசுங்கள்.

மத்திய அரசிடமும் கர்நாடக அரசிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஆறே மாதம் இருந்த ஊரின் தகரக் கொட்டகைக்கும் காவல் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டு ஓடிய சுரங்கத்துக்கு அதில் பாதி அக்கறையாவது வேண்டும். ஒரு ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தையாவது பழைய இரும்பாக விற்காமல் நிறுத்தி வையுங்கள். ஒரு வரிசை லைன் வீட்டை அப்படியே காப்பாற்றுங்கள். துரைமாரின் பங்களாவும் கிளப்பும் மட்டும் நின்று, உழைத்தவர் வீடு இல்லாமல் போனால் ரையோலைட்டில் நடந்தது இங்கேயும் நடந்ததாகிவிடும். மண்மேட்டை மூடி, தூசியை நிறுத்துங்கள். அங்கே உயிரோடு மனிதர்கள் இருக்கிறார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ மைன்ஸில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்த ஷாஃப்ட், எந்த லைன், எத்தனை ஆண்டு, கூட இறங்கியவர்கள் யார் யார் என்று கேட்டு, பெயர் பெயராக எழுதி வையுங்கள். கீன் வொண்டரில் மரத்தூணைத் தொட்டு அப்பா சொன்னதை அன்றிரவே நோட்டில் எழுதினேன். அவர் சொன்னவற்றில் இன்று என்னிடம் எழுத்தாக இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.